உட்பொதிந்த ஸ்கிரிப்டில் பிழை நேர்ந்தால்: டெஸ்க்டாப் செயலிக்கு எந்த வழி பொருந்தும்?

டெஸ்க்டாப் செயலி ஒன்றில் லுவா, பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் போன்ற மொழியொன்றின் எஞ்சினை, அதாவது அம்மொழியில் எழுதிய சிறு நிரல்களை (ஸ்கிரிப்டுகளை) ஓட்டும் பகுதியைப் பதித்துவிட்டால், அன்று முதல் அந்தச் செயலியின் நற்பெயர் அதை உருவாக்காதவர்களின் கையிலும் இருக்கிறது. பயனர் எங்கிருந்தோ இறக்கி நிறுவிய ஸ்கிரிப்ட் நடுவில் நின்றுவிட்டால், அவர் குறை சொல்வது மென்பொருளைத்தான். எனவே ஸ்கிரிப்டில் பிழை நேரும்போது செயலி எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை வெளியீட்டுக்கு முந்தைய வாரத்து ஒட்டுவேலையாக விட்டுவிடாமல், ஸ்கிரிப்ட் வசதியை வடிவமைக்கும்போதே முடிவு செய்துகொள்வது நல்லது.

நம் முன்னுள்ள வழிகள் புதியவை அல்ல. திரையை மறித்து நிற்கும் உரையாடல் பெட்டி, எதையும் காட்டாத மௌனம், பிழைகளைச் சேர்த்துக் காட்டும் தனிப் பலகம், தவறிய ஸ்கிரிப்டை முடக்கிவைத்தல், ஸ்கிரிப்டுகள் அனைத்தையும் வேறொரு பிராசஸில் (இயங்குதளம் தனியே பிரித்து ஓட்டும் நிரலில்) ஓட்டுதல் ஆகியவை எல்லாமே பல்லாண்டுகளாகப் புழக்கத்தில் உள்ள செயலிகளில் பார்க்கக் கிடைப்பவை. இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் செயலி முழுவதற்கும் பொதுவாகப் பொருத்திவிடலாம் என்று எண்ணுவது இயல்பு. அந்த எண்ணத்தோடு எனக்கு உடன்பாடில்லை. ஸ்கிரிப்டை ஓடச் செய்தது பயனரின் சொடுக்கா, செயலிக்குள் நிகழ்ந்த ஏதோ ஒரு நிகழ்வா என்பதும், பிழை எழுந்த கணத்தில் ஆவணம் எந்த நிலையில் இருந்தது என்பதும் தெரியாமல் இந்த வழிகளை ஒன்றுக்கொன்று எடைபோட முடியாது. கீழே வரும் ஒப்பீடு முழுவதும் இந்த இரண்டு கேள்விகளையே பிடித்துக்கொண்டு செல்கிறது.

எல்லையில் பிடித்தல்

எந்த வழியைத் தேர்ந்தாலும் அதற்கு அடியில் ஒரு கட்டாயம் உண்டு. ஸ்கிரிப்டிலிருந்து புறப்படும் பிழை, செயலியின் சொந்த நிரலுக்குள் கட்டுப்பாடின்றி நுழையக் கூடாது. இதில் தெரிவுக்கு இடமில்லை என்றாலும், எஞ்சினுக்கு எஞ்சின் இதில் சிக்கவைக்கும் கண்ணிகள் வேறுபடுவதால் சற்று நின்று பார்க்க வேண்டியிருக்கிறது.

லுவாவில், பிகால் எனப்படும் காக்கப்பட்ட அழைப்பின் வழியாக அல்லாமல் ஒரு செயற்கூற்றை நேரடியாக அழைத்து, அதற்குள் பிழை எழுந்தால், எஞ்சின் முதலில் கடைசிக்கட்டக் கையாளியான பேனிக் செயற்கூற்றை அழைக்கும். அது வழக்கம்போலத் திரும்பி வந்தால் அடுத்த அடியாக அபார்ட் அழைக்கப்பட்டுச் செயலியே முடிந்துபோகும். சேமிக்காத ஆவணமும் அதோடு போகும். மேலும், சி நிரலாகத் தொகுக்கப்பட்ட லுவா பிழைகளை லாங்ஜம்ப் (இடைப்பட்ட அழைப்புகளைத் தாண்டிக் குதித்தல்) மூலம் கடத்துவதால், இடையில் உள்ள சி++ பொருள்களின் டிஸ்ட்ரக்டர்கள் (பொருள் அழியும்போது துப்புரவு செய்யும் செயற்கூறுகள்) ஓடாமலே தாண்டப்பட்டுவிடலாம். பூட்டு ஒன்றைப் பிடித்திருந்த பொருள் அப்படி விடுபட்டுப்போனால், அந்த நேரத்தில் எதுவும் தெரியாது. சற்றுக் கழித்து, ஸ்கிரிப்டோடு தொடர்பே இல்லாத ஒரு மெனுவைத் திறக்கும்போது செயலி உறைந்து நிற்கும். லுவாவையே சி++ ஆகத் தொகுத்தால் அது டிஸ்ட்ரக்டர்களை ஓடவிடும் சி++ எக்செப்ஷன்களைப் பயன்படுத்திக்கொள்ளும் என்பதால், சி++ செயலிகளுக்கு அதையே பரிந்துரைப்பேன்.

பைத்தானில் கண்ணி வேறிடத்தில் இருக்கிறது. பைரன்_சிம்பிள்ஸ்ட்ரிங் என்ற எளிய அழைப்பு, பிழை நேர்ந்தால் -1 என்ற எண்ணை மட்டும் தருகிறது. என்ன பிழை என்று கேட்டறிய அதன்பின் வழியில்லை. பிழையை அச்சிடும் பைஎர்_பிரிண்ட் என்ற அழைப்போ, கையிலுள்ள பிழை சிஸ்டம்எக்ஸிட் வகையாக இருந்தால் பிழைத் தடத்தை அச்சிடாமல் பிராசஸையே முடித்துவிடும். கட்டளை வரியில் ஓட்டுவதற்காக எழுதப்பட்ட எத்தனையோ பைத்தான் ஸ்கிரிப்டுகள், சிஸ்டம்எக்ஸிட் பிழையை எழுப்பும் சிஸ்.எக்ஸிட் அழைப்போடுதான் முடிகின்றன. அப்படியொன்றை எடுத்து வரைகலைச் செயலிக்குள் ஓட்டினால், வேலை வெற்றிகரமாக முடிந்த அந்த நொடியிலேயே செயலி காணாமல் போகும். பிழைப் பொருளையே கையில் எடுத்துப் பார்த்து, அதன் வகைக்கேற்ப நாமே முடிவெடுப்பதுதான் இதற்கு மாற்று. பைத்தான் 3.12 முதல் அதற்கென்றே பைஎர்_கெட்ரெய்ஸ்ட்எக்செப்ஷன் என்ற அழைப்பு உள்ளது.

ஜாவாஸ்கிரிப்டில், ப்ராமிஸ் (பின்னர் கிடைக்கப்போகும் விடைக்கான பொருள்) ஒன்றுக்குள் எழுந்து யாராலும் பிடிக்கப்படாத பிழை, நாம் ஸ்கிரிப்டை அழைத்த இடத்துக்குத் திரும்பி வருவதே இல்லை. வி8, குவிக்ஜேஎஸ் என்ற ஜாவாஸ்கிரிப்ட் எஞ்சின்கள் இரண்டிலும் இத்தகைய கைவிடப்பட்ட பிழைகளை அறிவிக்கும் கால்பேக் (எஞ்சின் திருப்பி அழைக்கும் நம் செயற்கூறு) உண்டு. அதை இணைக்க மறந்தால், விடைக்குக் காத்திராமல் ஒத்திசையா முறையில் ஓடும் பகுதி முழுவதும் பிழையே இல்லாதது போலத் தோற்றமளிக்கும்.

மறித்து நிற்கும் உரையாடல் பெட்டி

எளிதில் எழுதிவிடக்கூடியது என்பதால் முதலில் கைக்கு வருவது இதுதான். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் நெடுங்காலம் காட்டிவந்த பெட்டியைப் பலர் மறந்திருக்கமாட்டார்கள். இந்தப் பக்கத்திலுள்ள ஸ்கிரிப்டில் பிழை நேர்ந்துள்ளது என்று கூறி, வரி எண்ணையும் எழுத்து எண்ணையும் காட்டி, இப்பக்கத்தில் ஸ்கிரிப்டுகளைத் தொடர்ந்து ஓட்டலாமா என்று அது கேட்கும். ஆம், இல்லை என்ற இரு பொத்தான்கள். பக்கத்தை எழுதாத ஒருவரால் அந்தக் கேள்விக்கு விடை சொல்லவே இயலாது. எதைச் சொடுக்கினால் பெட்டி போகும் என்பது மட்டுமே அவருடைய கணக்கு. அந்த உலாவியின் எஞ்சினைத் தம் செயலிக்குள் பதித்துக்கொண்டவர்களின் பயனர்களும் இதே பெட்டியைச் சந்தித்தார்கள்.

இதே வகைப் பெட்டி மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸின் உள்மொழியான விபிஏவில் எழுதிய மேக்ரோக்களில் அவ்வளவு மோசமாகத் தோன்றுவதில்லை. அங்கும் இயக்கநேரப் பிழை என்ற தலைப்போடு ஓர் எண்ணும் ஒரு வரிச் செய்தியும் வருகின்றன. ஆனால் பொத்தான்களில் ஒன்று பிழைதிருத்தியைத் திறந்து, தவறிய வரியை மஞ்சள் நிறத்தில் காட்டுகிறது. எக்ஸெல் தாளில் மேக்ரோ எழுதியவரே அதை ஓட்டுபவராகவும் இருப்பது மிகச் சாதாரணம் என்பதால், அந்தப் பெட்டி சரியான ஆளிடம் சரியான கேள்வியைக் கேட்கிறது. ஆக, பெட்டியின் தகுதி அதன் வடிவத்தில் இல்லை, அதற்கு எதிரே அமர்ந்திருப்பவர் யார் என்பதில் இருக்கிறது.

நிகழ்வுகளால் ஓடும் ஸ்கிரிப்டுகளுக்கு வந்தால் இந்த வழி முற்றாகத் தோற்றுவிடுகிறது. சுட்டி நகரும்போதெல்லாம் அழைக்கப்படும் ஒரு ஸ்கிரிப்டில் பிழை இருந்தால், பெட்டியை மூடுவதற்காகச் சுட்டியை நகர்த்துவதே அடுத்த பெட்டியை வரவழைக்கும். இதைவிட நுட்பமான கேடு ஒன்றும் உண்டு. மறிக்கும் பெட்டி திறந்திருக்கும்போது பயனரின் கைதான் கட்டப்பட்டிருக்கிறதே தவிர, செயலியின் நிகழ்வுச் சுழல் (சொடுக்கு, டைமர் போன்றவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக் கையாளும் சுற்று) நின்றுவிடுவதில்லை. பெட்டி தனக்குள் ஒரு சுழலை ஓட்டிக்கொண்டே இருக்கும். அதன் வழியே டைமர்கள் அடிக்கின்றன, சாளரம் மீண்டும் வரையப்படுகிறது, அவற்றோடு இணைக்கப்பட்ட ஸ்கிரிப்டுகளும் ஓடுகின்றன. முதல் ஸ்கிரிப்ட் இன்னும் முழுதாக விலகாத நிலையில், அது பாதி மாற்றிய தரவின்மேல் இரண்டாம் ஸ்கிரிப்ட் வேலை செய்யத் தொடங்குகிறது. பெட்டி காட்டித்தான் ஆக வேண்டுமென்றால், பிழையைக் குறித்துக்கொண்டு, ஸ்கிரிப்டின் அழைப்பு அடுக்கிலிருந்து (ஒன்றையொன்று அழைத்து நிற்கும் செயற்கூறுகளின் வரிசையிலிருந்து) முழுவதும் வெளியே வந்து, ஆவணத்தை ஒழுங்குபடுத்திய பிறகு காட்டுவதே முறை.

மௌனம்

உரையாடல் பெட்டிகளால் சலித்துப்போன குழுக்கள் அடுத்து எட்டுவது இந்த எதிர்முனையை. மைக்ரோசாஃப்டின் டாட்நெட்டில், செயலிக்குள் வலைப்பக்கத்தைக் காட்டும் வெப்பிரவுசர் கன்ட்ரோலில் ஸ்கிரிப்ட்எரர்ஸ்சப்ரெஸ்டு என்றொரு பண்பு உண்டு. அதை ஆம் என்று வைத்தால் பெட்டிகள் மறைந்துவிடும். மறைவது ஸ்கிரிப்ட் பிழைப் பெட்டிகள் மட்டுமல்ல என்பதுதான் கவனிக்க வேண்டியது. அடியிலுள்ள ஆக்டிவ்எக்ஸ் கன்ட்ரோல் காட்டும் எல்லா உரையாடல் பெட்டிகளும் அதோடு மறைகின்றன. ஸ்கிரிப்ட் பிழையை மட்டும் அடக்க விரும்பினால், அந்தப் பண்பைத் தொடாமல், ஆவணச் சாளரத்தின் எரர் நிகழ்வைக் கேட்டு, செய்தியையும் முகவரியையும் வரி எண்ணையும் குறித்துக்கொண்டு, கையாளப்பட்டது என்று திருப்பிச் சொல்லும் வழியும் அதே கன்ட்ரோலில் உள்ளது. ஒரு வரி கூடுதலாக எழுதுவதற்குச் சோம்பியதால் கடவுச்சொல் கேட்கும் பெட்டிகூட வராமல் போன செயலிகள் உண்டாவது இப்படித்தான்.

சில வேளைகளில் மௌனம் யாரும் தேர்ந்தெடுக்காமலே வந்துவிடுகிறது. விண்டோஸில் கன்சோல் இல்லாமல் தொடங்கும் வரைகலைச் செயலிக்குள் பைத்தான் ஓடும்போது பிழைச்செய்திகள் செல்லும் சிஸ்.எஸ்டிடிஎர் என்பது, மதிப்பே இல்லை என்று பொருள்படும் None ஆக இருக்கக்கூடும். பிழைச்செய்தி போய்ச்சேர இடமே இல்லாமல் மறைந்துவிடும். எஞ்சினைத் தொடங்கியவுடன் அந்த வெளியீட்டை நம்முடைய பதிவுக் கோப்புக்குத் திருப்பிவிடுவது, வேறெந்த வசதியையும் எழுதுவதற்கு முன் செய்ய வேண்டியது.

மௌனத்துக்கு நியாயமான இடமும் இருக்கிறது. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் விளையாட்டில் லுவா இணைப்பு நிரல்களின் பிழைகளைத் திரையில் காட்டுவதா வேண்டாமா என்பதை ஸ்கிரிப்ட்எரர்ஸ் என்ற அமைப்பு முடிவு செய்கிறது. விளையாடுபவருக்கு அது இடைஞ்சல், இணைப்பு நிரல் எழுதுபவருக்கு அது தேவை. ஆகவே வேண்டியவர் இயக்கிக்கொள்கிறார். பயனரின் ஆவணத்தைத் தொடாத, வெறும் அலங்காரத்துக்கான ஸ்கிரிப்டுக்கு இவ்வளவு போதும். ஆவணத்தைத் தொடும் ஸ்கிரிப்டுக்கு இது போதாது. தன் கோப்பில் ஏதோ நடக்கவில்லை என்பதைப் பயனர் அடுத்த வாரம் அச்சிடும்போது கண்டுபிடிப்பது, எந்த உரையாடல் பெட்டியையும்விட மோசமான அனுபவம்.

பிழைப் பலகம்

திரையின் ஓரத்தில் சிறு அறிகுறி, அதைச் சொடுக்கினால் விவரங்கள் அடங்கிய பலகம் என்ற ஏற்பாடு, மேற்கண்ட இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஈமாக்ஸ் என்ற உரைத் திருத்தி பிழைச்செய்தியைத் திரையின் அடிவரியில் ஒரு கணம் காட்டிவிட்டு மெஸேஜஸ் என்ற இடையகத்தில் சேர்த்துவைக்கிறது; உலாவிகளின் கன்சோலும் இதே குடும்பந்தான். நிகழ்வுகளாலும் டைமர்களாலும் ஓடும் ஸ்கிரிப்டுகளுக்கு இதைவிடப் பொருத்தமானது எதுவும் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் பலகம் வைத்துவிட்டால் போதும் என்று நினைப்பது அரைவேலை. அதில் என்ன எழுதப்படுகிறது என்பதே அதன் மதிப்பைத் தீர்மானிக்கிறது. லுவாவில் நினைவகத்திலுள்ள ஸ்கிரிப்டை வெறும் எழுத்துச் சரமாக ஏற்றும்போது அந்த நிரல் துண்டுக்குப் பெயர் தராமல் விட்டால், பிழைச்செய்தியின் தொடக்கத்தில் ஸ்கிரிப்டின் முதல் வரியின் ஒரு பகுதியே பெயராக நிற்கும். எல்லா ஸ்கிரிப்டுகளும் ஒரே உரிமக் குறிப்போடு தொடங்கினால், எல்லாப் பிழைகளும் ஒரே பெயரோடு வந்து நிற்கும். துண்டின் பெயரை அட் (@) குறியோடு தொடங்கி அதன் கோப்புப் பெயரைத் தந்தால், செய்தி அந்தக் கோப்பின் பெயரையும் வரி எண்ணையும் காட்டும். அழைப்பு அடுக்கின் தடத்தையும் சேர்த்துக் காட்ட விரும்பினால், அதைப் பிகாலிலிருந்து திரும்பி வந்த பிறகு தேடிப் பயனில்லை, ஏனெனில் அதற்குள் அடுக்கு கலைந்திருக்கும். செய்தி கையாளி என்று ஒன்றைப் பிகாலுக்குக் கொடுத்தால், அது பிழை எழுந்த இடத்திலேயே, அடுக்கு கலைவதற்கு முன் ஓடும். தடத்தை அங்கே எடுக்க வேண்டும். பைத்தானில் ஸ்கிரிப்டைத் தொகுக்கும்போது உண்மையான கோப்புப் பெயரைத் தருவதும் இதே காரணத்துக்காகத்தான்.

இரண்டு பிழைச்செய்திகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். "சரம், வரி 48: வெற்று (nil) மதிப்பில் அகலம் என்ற புலத்தைத் தேட முயற்சி" என்பது எஞ்சின் தருவது. "‘எல்லைக்கோடு சேர்’ ஸ்கிரிப்ட், எல்லை.லுவா, வரி 48: தேர்ந்தெடுக்கப்பட்ட வடிவம் எதுவும் இல்லாதபோது அதன் அகலம் கேட்கப்பட்டது. ஆவணம் மாற்றப்படவில்லை. 37 முறை நேர்ந்தது" என்பது செயலி சேர்த்துத் தரக்கூடியது. இரண்டாவதில் உள்ள எதுவும் மாயமில்லை. மெனுவில் தோன்றும் ஸ்கிரிப்டின் பெயர் செயலிக்குத் தெரியும். தேர்வு காலியாக இருப்பதும் தெரியும். ஒரே இடத்தில் ஒரே பிழை மீண்டும் மீண்டும் வந்தால் அதைப் புதிய வரியாக அடுக்காமல் எண்ணிக்கையை மட்டும் உயர்த்துவதும் எளிது. "ஆவணம் மாற்றப்படவில்லை" என்ற இரண்டு சொற்களைத்தான் எளிதாகச் சொல்லிவிட முடியாது. அதற்கு உழைக்க வேண்டும்.

பாதியில் நின்ற ஆவணம்

400 அடுக்குகள் கொண்ட ஒரு வரைபடத்தில் எல்லா அடுக்குகளின் பெயருக்கும் ஒரு முன்னொட்டைச் சேர்த்துப் புதிய பெயரிடும் ஸ்கிரிப்டை எடுத்துக்கொள்வோம். 213ஆவது அடுக்கு பூட்டப்பட்டிருக்கிறது. ஸ்கிரிப்ட் அங்கே நிற்கிறது. 212 அடுக்குகள் புதிய பெயரோடும் மீதி பழைய பெயரோடும் இருக்கின்றன. பயனர் பூட்டைத் திறந்துவிட்டு ஸ்கிரிப்டை மறுபடி ஓட்டினால், முதல் 212 அடுக்குகளுக்கும் முன்னொட்டு இரண்டாம் முறை சேரும். பிழைச்செய்தி எவ்வளவு அழகாக இருந்தாலும் இந்தக் குழப்பத்தை அது தீர்க்காது. பிழையைக் காட்டுவது பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் திரையைப் பற்றியே நடக்கின்றன. பயனருக்கு உண்மையில் வலிப்பது ஆவணத்தில்.

இங்கே மூன்று தெரிவுகள் இருக்கின்றன. நின்ற இடத்தில் அப்படியே விட்டுவிடலாம். ஸ்கிரிப்ட் செய்த அனைத்தையும் தானாகவே பின்வாங்கலாம். மாற்றங்களை வைத்துக்கொண்டு, அவை அனைத்தையும் ஒரே அன்டூ படியாகக் கட்டித் தரலாம். முதல் தெரிவில் பயனர் 212 முறை அன்டூ அழுத்த வேண்டியிருக்கும். பல செயலிகளில் அன்டூ வரலாறு அவ்வளவு நீளம் இருக்கவும் செய்யாது. ஒரே படியாகக் கட்டும் வசதி அடோபியின் செயலிகளில் ஸ்கிரிப்ட் எழுதுபவரின் கையில் தரப்பட்டிருக்கிறது. இன்டிசைனில் டூஸ்கிரிப்ட் அழைப்புக்கு அன்டூ முறையைக் குறிப்பிட்டு முழு ஸ்கிரிப்டையும் ஒரே படியாக்கலாம். ஃபோட்டோஷாப்பில் சஸ்பெண்ட்ஹிஸ்டரி என்ற அழைப்பு வரலாற்றில் ஒரே நிலையாகச் சேர்க்கிறது. வசதி நல்லதுதான், ஆனால் ஸ்கிரிப்ட் எழுதுபவர் அதை நினைவில் வைத்துப் பயன்படுத்த வேண்டும். புதிதாக வடிவமைப்பவர்கள் இதை இயல்பு நிலையாகவே வைத்துவிடலாம்: மெனுவிலிருந்து ஓட்டப்படும் எந்த ஸ்கிரிப்டும் தொடங்கும்போது செயலியே மாற்றங்களுக்கான ஒரு தொகுப்பைத் திறக்கட்டும், முடியும்போது மூடட்டும், பிழை வந்தால் அந்தத் தொகுப்பை முழுவதுமாகப் பின்வாங்கட்டும்.

தானாகப் பின்வாங்குவதா, அன்டூ படியாக விட்டுவைப்பதா என்பதில் என் சாய்வு முதலாவதன் பக்கம். நெடுநேரம் ஓடும் ஸ்கிரிப்ட் ஒன்று 390 அடுக்குகளை முடித்துவிட்டு நின்றால், அந்த உழைப்பை ஏன் வீசியெறிய வேண்டும் என்ற எதிர்வாதம் நியாயமானது. அதற்கு விடை, ஸ்கிரிப்டே இடையிடையே உறுதிப்படுத்தும் புள்ளிகளை அறிவிக்க ஓர் அழைப்பைத் தருவது. எதையும் அறிவிக்காத ஸ்கிரிப்ட் முழுவதுமாகப் பின்வாங்கப்படும். எழுதியவர் சிந்திக்காத இடத்தில் பாதுகாப்பான நடத்தையும், சிந்தித்த இடத்தில் அவர் விருப்பமும் நிலைநிற்கும்.

ஆவணத்துக்கு வெளியே உள்ளவற்றுக்கு இந்த ஏற்பாடு கைகொடுக்காது. ஏற்றுமதி செய்த கோப்பை, வலைக்கு அனுப்பிய கோரிக்கையைப் பின்வாங்க முடியாது. செயலியின் அமைப்புகள் இரண்டுக்கும் இடைப்பட்டவை. வரைவுச் செயலியான ஆட்டோகேடில் இதற்கு ஒரு பழைய, நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. அதன் ஸ்கிரிப்ட் மொழியான ஆட்டோலிஸ்பில் எழுதிய ஸ்கிரிப்டுகள் தொடக்கத்தில் ஓஎஸ்மோட் என்ற மாறியைச் சுழியமாக்கி ஆப்ஜெக்ட் ஸ்னாப்பை (சுட்டியைப் பொருள்களின் துல்லியமான புள்ளிகளில் ஒட்டவைக்கும் வசதியை) அணைத்துவிட்டு, முடிவில் பழைய மதிப்பைத் திரும்ப வைப்பது வழக்கம். நடுவில் பிழை வந்தாலோ பயனர் எஸ்கேப் அழுத்தினாலோ அந்த முடிவுப் பகுதி ஓடாது. ஸ்னாப் அணைந்தபடியே இருக்கும், வரைபவருக்குக் காரணம் புரியாது. இதற்காகவே எரர் என்ற பெயரில், இருபுறமும் உடுக்குறியிட்ட செயற்கூறு ஒன்றை ஸ்கிரிப்ட் எழுதுபவர் வரையறுத்து, மாற்றிய மாறிகளை அதற்குள் மீட்டுவைக்கிறார்கள். வழக்கம் பாராட்டத்தக்கது, ஆயினும் ஒவ்வொரு ஸ்கிரிப்டிலும் ஒவ்வொருவரும் மீண்டும் மீண்டும் எழுதவேண்டிய ஒன்றைச் செயலியே செய்து தருவது மேல். ஸ்கிரிப்ட் தொடங்குமுன் இருந்த அமைப்புகளைக் குறித்துவைத்து, பிழையில் முடிந்தால் அவற்றைத் திரும்ப வைப்பது பெரிய வேலை அல்ல.

பிழையே எழுப்பாமல் நிற்காத ஸ்கிரிப்ட்

முடிவற்ற சுழலில் மாட்டிய ஸ்கிரிப்ட் எந்தச் செய்தியையும் தராது. செயலி பதிலளிக்கவில்லை என்று இயங்குதளம்தான் சொல்லும். ஃபயர்ஃபாக்ஸ் 10 விநாடி என்ற இயல்பான வரம்பை வைத்து, அதைத் தாண்டிய ஸ்கிரிப்டைப் பற்றிப் பயனரிடம் கேட்டது. வரம்பு எவ்வளவு என்பதைவிட, நிறுத்தும் ஆணையை ஸ்கிரிப்ட் தட்டிக்கழிக்க முடியுமா என்பதே முக்கியம். வி8 எஞ்சினில் ஓட்டத்தை முடிக்கும் ஆணையை ஜாவாஸ்கிரிப்டில் பிழையைப் பிடிக்கும் கேட்ச் பிடிக்க முடியாது; குவிக்ஜேஎஸ்ஸின் இடையீட்டுக் கையாளியும் அப்படியே. லுவாவில் குறிப்பிட்ட எண்ணிக்கையான கட்டளைகளுக்கு ஒருமுறை ஓடும் ஹூக்கிலிருந்து (எஞ்சின் தானே அழைக்கும் நம் செயற்கூற்றிலிருந்து) பிழை எழுப்பி நிறுத்தலாம், ஆனால் ஸ்கிரிப்ட் தனக்குள்ளே பிகாலைச் சுழலில் வைத்திருந்தால் அந்தப் பிழையையும் விழுங்கிவிட்டுத் தொடரும். சி மொழியில் எழுதப்பட்ட நூலகச் செயற்கூறுகளுக்குள் இருக்கும்போது அந்த ஹூக் ஓடுவதும் இல்லை. உரையில் சிக்கலான அமைப்பு ஒன்றைத் தேடும் அழைப்பு நீண்டுகொண்டே போனால் காத்திருப்பதைத் தவிர வழியில்லை. பைத்தானிலும் ஸ்கிரிப்டை நிறுத்த எழுப்பும் குறுக்கீட்டுப் பிழையை, வகை குறிப்பிடாமல் எல்லாப் பிழைகளையும் பிடிக்கும் எக்செப்ட் விழுங்கிவிடும்.

ஸ்கிரிப்டுகள் அனைத்தையும் நம்மவர்களே எழுதும் செயலிக்கு இந்தக் குறைகள் பொருட்டல்ல. வெளியார் எழுதுபவை வரத் தொடங்கினால், பேச்சு அடுத்த இரண்டு வழிகளை நோக்கித் திரும்புகிறது.

முடக்குதலும் தனிப் பிராசஸும்

ஈமாக்ஸில் ஒவ்வொரு கட்டளைக்குப் பின்னும் ஓடும் போஸ்ட்-கமாண்ட்-ஹூக் என்ற பட்டியல் உண்டு. அதிலுள்ள ஒரு செயற்கூறு பிழை எழுப்பினால், ஈமாக்ஸ் அதைப் பட்டியலிலிருந்தே நீக்கிவிடும். இல்லாவிட்டால் ஒவ்வொரு விசையழுத்தத்துக்கும் அதே பிழை எழுந்து, அதைச் சரிசெய்யத் தட்டச்சு செய்வதற்கே வழியில்லாமல் போகும். முடக்குதலுக்கு இதைவிடத் தெளிவான நியாயம் கிடைக்காது. ஆனால் ஒரே பிழையில் நீக்கிவிடுவது பொதுச் செயலிகளுக்குக் கடுமையானது. எப்போதோ காலியான தேர்வில் தடுக்கிய ஸ்கிரிப்டும் அதில் அகப்படும். அடுத்தடுத்து சில முறை தவறினால் மட்டும், அந்த அமர்வுக்கு மட்டும் நிறுத்திவைத்து, பலகத்தில் அதைச் சொல்லி, பக்கத்திலேயே மீண்டும் இயக்கும் பொத்தானை வைத்தால் போதும். சொல்லாமல் முடக்குவது மௌனத்தின் இன்னொரு பெயர்.

தனிப் பிராசஸ் என்பது வேறு வகை முடிவு. விஷுவல் ஸ்டுடியோ கோட் என்ற நிரல் திருத்தி தன் நீட்சிகளை எக்ஸ்டென்ஷன் ஹோஸ்ட் என்ற தனிப் பிராசஸில் ஓட்டுகிறது. அது விழுந்தால் திறந்த கோப்பும் அதிலுள்ள சேமிக்காத எழுத்தும் அப்படியே இருக்கின்றன. ஹோஸ்ட் மீண்டும் தொடங்கப்படுகிறது. கடந்த 5 நிமிடத்தில் 3 முறை விழுந்துவிட்டால் மட்டும் அந்த முயற்சியை நிறுத்திப் பயனருக்கு அறிவிக்கிறது. சி மொழி நூலகத்தைப் பயன்படுத்தும் பைத்தான் ஸ்கிரிப்ட் தவறான நினைவக முகவரியைத் தொட்டாலோ, நினைவகம் முழுவதையும் தின்றாலோ, எல்லையில் பிடிக்கும் எந்த உத்தியும் பயன்படாது. இங்கே காப்பாற்றுவது பிராசஸ் சுவர் மட்டுமே. நிற்காத ஸ்கிரிப்டையும் கேள்வியின்றி முடித்துவிடலாம்.

விலை பெரிது. ஆவணத்திலுள்ள ஒவ்வொரு பொருளையும் ஸ்கிரிப்ட் தொடும்போதும் ஒரு செய்தி அந்தப் பக்கம் போய்த் திரும்ப வேண்டும். உரைத் திருத்தியின் நீட்சி இதைத் தாங்கும், ஏனெனில் அது கேட்பது பெரும்பாலும் வரிகளையும் நிலைகளையும்; படத்தின் ஒவ்வொரு புள்ளியையும் தனித்தனியே கேட்கும் ஸ்கிரிப்ட் தாங்காது. அழைப்புகள் யாவும் ஒத்திசையா முறைக்கு மாறுவதால், ஏற்கெனவே எழுதப்பட்ட ஸ்கிரிப்டுகள் அனைத்தையும் திருத்த வேண்டியிருக்கும். பிழையின் தடமும் இரண்டு பிராசஸ்களுக்கு இடையே அறுபடும். அதை ஒட்டித் தருவது தனி வேலை. வெளியார் நீட்சிகளுக்கான அங்காடி ஒன்றைத் திறக்கும் எண்ணமிருந்தால் தொடக்கத்திலேயே இந்த விலையைக் கொடுத்துவிடலாம். ஒரே அலுவலகத்துக்குள் பத்து ஸ்கிரிப்டுகள் ஓடும் செயலிக்கு இது வீண்செலவு.

எதை எப்போது

பயனரே மெனுவிலோ பொத்தானிலோ ஓட்டிய ஸ்கிரிப்ட் தவறினால், அவர் விடைக்காகக் காத்திருக்கிறார். ஆவணத்தைப் பின்வாங்கிவிட்டு, நடந்ததை ஒரே ஒரு பெட்டியில், அவருக்குப் புரியும் சொற்களில் சொல்லலாம். விவரங்களைப் பலகத்தில் வைத்து, பெட்டியிலிருந்து அங்கே செல்ல ஒரு பொத்தான் தர வேண்டும். நிகழ்வாலோ டைமராலோ ஓடிய ஸ்கிரிப்டுக்குப் பெட்டி எந்நாளும் கூடாது. பலகம், எண்ணிக்கை, மீண்டும் மீண்டும் தவறினால் முடக்கம் என்ற வரிசை போதும். ஸ்கிரிப்டைத் திருத்தியில் திறந்துவைத்து அங்கிருந்தே ஓட்டுபவர் அதை எழுதுபவர். அவருக்கு மட்டும், விபிஏ செய்வதுபோல, தவறிய வரியை நேராகக் காட்டுவதும், அவர் கேட்டால் ஆவணத்தைப் பின்வாங்காமல் அந்த நிலையிலேயே விட்டுவைப்பதும் உதவும். இந்த மூன்றுக்கும் தேவைப்படுவது ஒரே பிழைப் பொருளும், ஸ்கிரிப்டை அழைக்கும் ஒரே நுழைவாயிலும்தான். அழைத்தது யார் என்ற குறிப்பை அந்த நுழைவாயிலில் ஓர் அளபுருவாக (பாராமீட்டராக) சேர்த்துவிட்டால், காட்டும் விதத்தைப் பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்.

தொடக்கத்தில் தானாக ஓடும் ஸ்கிரிப்டுகள் இந்த வகைப்பாட்டில் அடங்காதவை. சாளரம் தோன்றுவதற்கு முன்பே அவை தவறினால், பெட்டி காட்ட இடமில்லை, பலகமும் இன்னும் பிறக்கவில்லை. செயலியைத் திறந்தால்தான் ஸ்கிரிப்டை நீக்க முடியும், ஸ்கிரிப்டை நீக்கினால்தான் செயலி திறக்கும் என்ற முடிச்சு விழுகிறது. ஈமாக்ஸைக் கட்டளை வரியில் கியூ (-q) என்ற தேர்வோடு தொடங்கினால் பயனரின் தொடக்கக் கோப்பை அது படிப்பதில்லை. முப்பரிமாணச் செயலியான பிளெண்டரில் ஃபேக்டரி-ஸ்டார்ட்அப் என்ற தேர்வு அதே வேலையைச் செய்கிறது. கட்டளை வரியை அறியாத பயனர்களுக்காகச் செயலி தானே இதைக் கண்டுகொள்ளலாம். ஒவ்வொரு தொடக்க ஸ்கிரிப்டையும் ஓட்டுவதற்கு முன் அதன் பெயரை ஒரு சிறு கோப்பில் எழுதி வட்டுக்கு அனுப்பிவிட்டு, அது நல்லபடியாக முடிந்ததும் அந்தக் கோப்பை அழித்துவிட வேண்டும். அடுத்த முறை தொடங்கும்போது கோப்பு அங்கேயே கிடந்தால், சென்ற முறை எந்த ஸ்கிரிப்டில் விழுந்தோம் என்பது பெயரோடு தெரிந்துவிடும். அந்த ஒன்றை மட்டும் தவிர்த்துவிட்டு மற்றவற்றை ஓட்டி, சாளரம் திறந்த பிறகு பலகத்தில் அதைச் சொல்லலாம்.